ஹைபிரிட் வாகனம் நடுவீதியில் சக்தி இழந்தால்: சாரதியும் குடும்பமும் அறிந்திருக்க வேண்டியவை

இன்று எமது குடும்பங்களில் வாகனம் வாங்கும் பேச்சு எழுந்தால், முதலில் காதில் விழுவது பிரியஸ், அக்வா, அக்ஸியோ, வெசல், ஃபிட் போன்ற பெயர்கள்தான். பெற்றோல் செலவு குறைவு, ஓட்டுவதற்கு இலகு, சத்தமும் இல்லை. இவையெல்லாம் உண்மையே. ஆனால் நாம் வாங்குவது எஞ்சினும் நான்கு சக்கரமும் கொண்ட பழைய வகை வாகனம் அல்ல. பல கணினிகள் ஒன்றோடொன்று பேசி ஓட்டும் ஒரு மின் இயந்திரத்தை வாங்குகிறோம். அது பழுதடையும் முறை வேறு. அந்த நேரத்தில் சாரதி செய்ய வேண்டியதும் வேறு. பெரும்பாலானோர் இதை அறிந்துகொள்ளாமலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் புறப்படுகிறோம்.

இதை எழுதத் தூண்டியது எமது சொந்த அனுபவமே. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், நண்பர் ஒருவரின் ஹைபிரிட் வாகனத்தில் இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் ஐந்து பேர், மடியில் இரண்டு சிறுபிள்ளைகள், பின்னால் நிறையப் பைகள். கடுகண்ணாவை ஏற்றத்தில் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. "மௌலவி, மிதிச்சாலும் வண்டி போகுதில்லயே" என்றார் நண்பர். அவர் பதற்றத்தில் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கப் பார்த்தார். பின்னால் ஒரு லொறி வளைவைத் திரும்பிக்கொண்டிருந்தது. லொறிச் சாரதி விழிப்பாக இருந்ததால் தப்பினோம்.

அடுத்த நாள் கராஜில் ஸ்கேனரைப் பொருத்தி, பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை அழித்து, "இனிப் பிரச்சினை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் அதே கோளாறு மீண்டும் வந்தது. வேறொரு தொழிலாளி பின்னிருக்கையைக் கழற்றிப் பார்த்தபோது, பெரிய பெட்டரியைக் குளிரச் செய்யும் விசிறி தூசியாலும் நூல் துணுக்குகளாலும் அடைபட்டிருந்தது. சுத்தம் செய்ய அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. இவ்வளவு சிறிய காரணம் எம் எல்லோரையும் ஒரு லொறியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் இந்த வாகனத்தின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹைபிரிட் வாகனத்தில் பெற்றோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. எந்த நேரத்தில் எது ஓட வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓட வேண்டுமா என்பதைக் கணினி முடிவு செய்கிறது. பின்பக்கத்தில் உயர் அழுத்த பெட்டரி இருக்கிறது. இரண்டாம் தலைமுறை பிரியஸில் அதன் அழுத்தம் சுமார் 200 வோல்ட். அதை இன்வேட்டர் என்ற மின்மாற்றுக் கருவி 500 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மூன்றாம் தலைமுறையில் இது 650 வோல்ட் வரை போகும். வாகனத்தின் அடியிலும் எஞ்சின் அருகிலும் தெரியும் செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் இந்த உயர் அழுத்த மின்சாரத்தைத்தான் கொண்டு செல்கின்றன.

எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நாம் எஞ்சினை நேரடியாக இயக்குவதில்லை. எமது கால் கணினிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது, அவ்வளவுதான். பிரேக்கிலும் பாதி கதை இதுவே. மெதுவாக மிதித்தால் முதலில் மோட்டார் மின்னாக்கியாக மாறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பெட்டரியை நிரப்புகிறது. கூடுதலாக மிதித்தால் எண்ணெய் அழுத்தப் பிரேக் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைக் கணினி நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. பெற்றோல் மிச்சமாவது இந்தக் கணக்கால்தான். அது பிழைத்தால் ஆபத்தும் அங்கிருந்தே வருகிறது.

நடந்தவை சொல்லும் பாடம்

பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம்பகமான வாகனம் என்ற பெயரை அது உழைத்தே பெற்றது. ஆயினும் அதன் வரலாற்றில் மென்பொருள் கோளாறுகளும் தொடர்ந்து வந்திருக்கின்றன.

2005 இல் அமெரிக்காவில் பிரியஸ் சாரதிகள், ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை விளக்குகள் எரிந்து எஞ்சின் நின்றுவிடுவதாக முறையிட்டனர். காரணம் கணினி நிரலில் இருந்த ஒரு பிழை. அவ்வருடம் ஒக்டோபரில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 1 இலட்சத்து 60 ஆயிரம் வாகனங்களைத் திருத்தத்துக்கு அழைத்தது.

2010 பெப்ரவரியில் பிரேக் பிரச்சினை எழுந்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் வீதியில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது, மோட்டார்ப் பிரேக்கிலிருந்து எண்ணெய்ப் பிரேக்குக்கு மாறும் கணத்தில் பிடி தளர்வது போன்ற உணர்வு ஏற்பட்டது. சறுக்கலைத் தடுக்கும் பிரேக் அமைப்பின் மென்பொருளை மாற்ற, சுமார் 4 இலட்சத்து 37 ஆயிரம் ஹைபிரிட் வாகனங்கள் அழைக்கப்பட்டன. ஒரு கணத் தளர்வுதானே என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வாகனம் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும்.

2014 பெப்ரவரியில் வந்த மீளழைப்பு இதைவிடப் பெரியது. மூன்றாம் தலைமுறை பிரியஸில், இன்வேட்டரின் மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளால் சில டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதடையலாம் என்று கண்டறியப்பட்டது. வேகத்தைச் சட்டெனக் கூட்டும்போது ஏற்படும் அதிக சுமையே இதற்கு ஏதுவாகியது. அவ்வாறு நடந்தால் வாகனம் குறைந்த சக்தியில் மெதுவாக ஓடும் பாதுகாப்பு நிலைக்குப் போக வேண்டும். அரிதாக முற்றாக நின்றுவிடவும் கூடும். உலகளவில் 19 இலட்சம் வாகனங்கள் இதில் அடங்கின. அவற்றில் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடியவை.

2018 ஒக்டோபரில் டொயோட்டா மீண்டும் 24 இலட்சத்து 30 ஆயிரம் பிரியஸ், ஓரிஸ் வாகனங்களை அழைத்தது. கோளாறு ஏற்பட்டால் வாகனம் போக வேண்டிய அந்தப் பாதுகாப்பு நிலைக்கு, சில அரிதான சந்தர்ப்பங்களில் போகாமல் சக்தியை இழந்து நின்றுவிடலாம் என்பதே காரணம். முன்னர் ஒருமுறை திருத்தப்பட்ட வாகனங்களும் இதில் இருந்தன. ஆகவே "எப்போதோ திருத்தியாகிவிட்டது" என்று ஓய்ந்துவிட முடியாது. அதற்கு முந்திய மாதம் வேறு ஒரு மீளழைப்பும் வந்திருந்தது. எஞ்சின் பகுதியிலுள்ள மின் கம்பித் தொகுதி அதன் மூடியோடு உராய்ந்து உறை தேய்ந்தால், மின்கசிவால் தீப்பிடிக்கலாம் என்று சுமார் 10 இலட்சத்து 30 ஆயிரம் வாகனங்கள் அழைக்கப்பட்டன.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. 2014 ஜூலையில் ஹொண்டா நிறுவனம், மென்பொருள் கோளாறால் எதிர்பாராமல் வேகம் கூடலாம் என்று ஜப்பானில் சுமார் 1 இலட்சத்து 75 ஆயிரம் ஃபிட், வெசல் ஹைபிரிட் வாகனங்களை அழைத்தது. ஃபிட் ஹைபிரிட் மட்டும் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குள் ஐந்து முறை மீளழைக்கப்பட்டது.

இவற்றைப் படித்துவிட்டு ஹைபிரிட்டே வேண்டாம் என்று முடிவெடுப்பது சரியல்ல. குறையைக் கண்டு, அறிவித்து, இலவசமாகத் திருத்தும் ஏற்பாடு இருப்பது நல்லதே. அந்த அறிவிப்பு வாகனத்தை ஓட்டுபவரைச் சென்றடைகிறதா என்பதுதான் எமது கவலை.

சின்னப் பெட்டரியும் விசிறியும்

நாள்தோறும் வீடுகளில் நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் இதைவிடச் சிறிய இடத்தில் தொடங்குகின்றன. ஹைபிரிட்டில் பெரிய பெட்டரியோடு சாதாரண 12 வோல்ட் பெட்டரி ஒன்றும் உண்டு. பல மாதிரிகளில் அது பின்பக்கத்தில் மறைந்திருக்கும். கணினிகளை விழிக்கச் செய்வதும், பெரிய பெட்டரியை இணைக்கும் சுவிட்சை மூடுவதும் அதன் வேலை. அது பலவீனமானால் பெரிய பெட்டரி நிறைந்திருந்தும் வாகனம் உயிர்பெறாது. சில வேளைகளில் தொடர்பில்லாத விளக்குகளெல்லாம் ஒன்றாக எரிந்து, பெரிய செலவு வந்துவிட்டது போலப் பயமுறுத்தும். எனவே பல விளக்குகள் சேர்ந்து எரிந்தால் முதலில் 12 வோல்ட் பெட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பெரிய பெட்டரியை மாற்றச் சொல்பவரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, விசிறி. பிரியஸ் போன்ற பல மாதிரிகளில் பின்னிருக்கையின் ஓரத்தில் சிறிய காற்றுத் துவாரம் இருக்கும். பெட்டரி அதன் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. பிள்ளைகளின் துணி, பைகள், தலையணை என்று நாம் அதை மூடிவிடுகிறோம். சூடு ஏறினால் பெட்டரியின் ஆயுள் குறையும், ஏற்றத்தில் சக்தியும் குறையும். துவாரத்தைத் திறந்து வைப்பதற்கும், சேர்விஸ் செய்யும்போது விசிறியைச் சுத்தம் செய்யச் சொல்வதற்கும் பெரிய செலவில்லை.

செம்மஞ்சள் கேபிள்களையும் பெட்டரிப் பெட்டியையும் மட்டும் வீட்டில் எவரும் தொடக் கூடாது. வாகனத்தை நிறுத்திய பின்னரும் இன்வேட்டருக்குள் சிறிது நேரம் உயிராபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர்களே இணைப்பைத் துண்டித்துவிட்டு, பத்து நிமிடமளவு காத்திருந்த பின்புதான் கை வைப்பார்கள்.

சக்தி இழக்கும் அந்தச் சில விநாடிகள்

வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது சக்தி குறைந்தால் சாரதி செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, ஹசார்ட் விளக்குகளைப் போடுங்கள். நடுவீதியில் உடனே நிற்க வேண்டாம். வாகனத்துக்கு இன்னும் வேகம் இருக்கும். அந்த வேகத்தைப் பயன்படுத்தி இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். பாதுகாப்பு நிலையில் மெதுவாகச் சிறிது தூரம் ஓடவும் வாகனம் இடம் கொடுக்கலாம். அந்தச் சிறிய தூரம் ஓரத்தைச் சேர்வதற்கானது, வீடு போய்ச் சேர்வதற்கானதல்ல.

இரண்டாவது, ஸ்டியரிங் கனமாகலாம், பிரேக் கல்லைப் போல இறுகலாம். பிரேக் இல்லாமல் போய்விட்டது என்று அதற்குப் பொருளல்ல. மின் உதவி நின்றாலும் எண்ணெய் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும் வழி இருக்கிறது. விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக, முழுப் பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். நிற்பதற்கு வழமையை விடக் கூடுதல் தூரம் பிடிக்கும்.

மூன்றாவது, எதிர்மாறாக வாகனம் கட்டுப்பாடின்றி வேகமெடுத்தால், பிரேக்கை இரண்டு கால்களாலும் அழுத்திக்கொண்டு கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு தடவை தட்டினால் ஓடும் வாகனம் நிற்காது. மாதிரிக்கேற்ப இரண்டு மூன்று விநாடிகள் தொடர்ந்து அழுத்த வேண்டும். புதிய டொயோட்டாக்களில் மூன்று முறை அடுத்தடுத்துத் தட்டினாலும் நிற்கும். 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, கால்மிதி விரிப்பில் எக்ஸிலேட்டர் சிக்கியதால் ஒரு லெக்ஸஸ் வாகனம் நிற்காமல் ஓடி, ஒரே குடும்பத்தின் நால்வர் உயிரிழந்தனர். அது ஹைபிரிட் அல்ல. ஆனால் சாவியின்றிப் பட்டனால் இயங்கிய வாகனம். ஓட்டியவர் அனுபவமுள்ள ஒரு காவல் அதிகாரி. இத்தகைய வேக அதிகரிப்புகளை நாசா பொறியியலாளர்களும் ஆராய்ந்தனர். மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்கு அவர்கள் சான்று காணவில்லை என 2011 பெப்ரவரியில் அமெரிக்க அரசு அறிவித்தது. கால்மிதி விரிப்பு சறுக்கி முன்னே வராமல் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகள் போடாதீர்கள்.

நான்காவது, ஓரத்தில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளை வீதிப் பக்கம் இறக்காமல் மறுபக்கக் கதவால் இறக்கி, வாகனத்திலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். பிள்ளைகள் வாகனத்துக்குள் உறங்குகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். எரியும் வாடையோ புகையோ வந்தால் எவரும் அருகில் போக வேண்டாம். இலங்கையில் 119 பொலிஸுக்கும் 1990 அம்பியூலன்ஸுக்கும் உரிய இலக்கங்கள்.

இவற்றைச் சாரதி மட்டும் தெரிந்திருப்பது போதாது. பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியோ மகனோ அறிந்திருந்தால், பதற்றத்தில் இருக்கும் சாரதிக்கு நினைவூட்ட முடியும். கடுகண்ணாவையில் எம்மில் ஒருவராவது இதை அறிந்திருக்கவில்லை.

நிறுத்தியதாக நினைத்த வாகனம்

இன்னோர் ஆபத்து சத்தமில்லாமல் வரும். ஹைபிரிட் நிற்கும்போது எஞ்சின் ஓய்ந்திருக்கும். வாகனத்தை அணைத்துவிட்டோம் என்று எண்ணிச் சாவியோடு வீட்டுக்குள் போய்விடுவார்கள். ரெடி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வாகனம் இன்னும் இயங்கும் நிலையில்தான் இருக்கிறது. பெட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜில் இது நடந்தால், கார்பன் மொனொக்சைட் என்னும் மணமற்ற நச்சு வாயு படுக்கையறை வரை பரவும். சாவியற்ற வாகனங்களை இவ்வாறு அணைக்க மறந்ததால், அமெரிக்காவில் 2006 முதல் குறைந்தது 28 பேர் இறந்ததாக 2018 இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. இறங்கும் முன் ரெடி விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்டுவிட்டு மூடிய இடத்தில் வாகனத்துக்குள் உறங்குவதை முற்றாகத் தவிருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் காய்ந்துவிட்டது என்று இயக்கிப் பார்ப்பதும் ஆபத்தானது. 2012 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்தில், சாண்டி புயலின் கடல்நீர் புகுந்த 16 ஃபிஸ்கர் கார்மா ஹைபிரிட் வாகனங்கள் எரிந்து போயின. எவரும் அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. உப்புநீர் ஒரு சிறிய மின் பாகத்தில் ஏற்படுத்திய மின்கசிவே போதுமாக இருந்தது. நீரில் நின்ற ஹைபிரிட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல், பட்டனைத் தொடாமல், இழுவை வாகனத்தில் அனுப்புங்கள்.

இறக்குமதி வாகனமும் மீளழைப்பும்

ஜப்பானில் ஒரு வாகனம் மீளழைக்கப்பட்டால் அங்குள்ள உரிமையாளருக்கு அறிவித்தல் போகும். அதே வாகனம் பாவித்த வாகனமாகக் கப்பலேறி இலங்கை வந்து, கை மாறிக் கை மாறி எம்மிடம் சேர்ந்த பின் அந்த அறிவித்தல் எம்மைத் தேடி வராது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில், மேலே சொன்ன மீளழைப்புகளில் அடங்கும் அதே வயதுடைய வாகனங்கள்தான் மீண்டும் மீண்டும் விற்கப்பட்டன. இன்றும் அவை ஓடுகின்றன.

எனவே வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் அதைப் பதிந்தால், திருத்தம் நிலுவையில் உள்ளதா என்று காட்டும். மொழி புரியாவிட்டால் கணினி அறிந்த பிள்ளை ஒருவரின் உதவியைப் பெறுங்கள். நிலுவை இருந்தால் உள்ளூர் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வளைகுடாவில் தொழில் புரியும் சகோதரர்களுக்கு இது இன்னும் எளிது. உதாரணமாக, சவூதி வர்த்தக அமைச்சு மீளழைப்புகளுக்கென்றே ஓர் இணையத்தளம் நடத்துகிறது. அமெரிக்க வாகனமாயின் அதன் 17 இலக்க அடையாள எண்ணை அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் பதிந்து பார்க்கலாம்.

விற்பவரும் வாங்குபவரும்

கடைசியாக, சொல்லாமல் விட முடியாத ஒன்று. எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டு, "ஒரு குறையும் இல்லை" என்று வாகனத்தை விற்பவர்கள் எம்மிடையேயும் இருக்கிறார்கள். அழிக்கப்படுவது விளக்கு மட்டுமே. கோளாறு அங்கேயே இருக்கும். ஏற்றத்திலோ அதிவேக நெடுஞ்சாலையிலோ அது வெளிப்படும்போது உள்ளே இன்னொருவரின் பிள்ளைகள் இருப்பார்கள். பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நாம் மதரஸாவில் முதல் வருடங்களிலேயே ஓதிய பாடம். அது துணிக்கும் தானியத்துக்கும் மட்டும் உரியதல்ல.

வாங்குபவரும் ஏமாறத் தேவையில்லை. பணம் கொடுக்கும் முன் ஹைபிரிட் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஸ்கேன் செய்து, பின் அரை மணி நேரமாவது ஏற்றம் உள்ள வீதியில் ஓட்டி, மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். அழிக்கப்பட்ட பல குறியீடுகள் இந்த ஓட்டத்தில் திரும்பி வந்துவிடும். விசிறியையும் 12 வோல்ட் பெட்டரியின் வயதையும் பாருங்கள். மீளழைப்புத் திருத்தம் செய்யப்பட்டதற்கான பதிவைக் கேளுங்கள்.

எமது நண்பர் பின்னர் அந்த வாகனத்தை விற்றார். விசிறி அடைபட்டிருந்ததையும், இரண்டு முறை நடுவழியில் நின்றதையும், செய்த திருத்தத்தையும் ஒரு தாளில் எழுதி, வாங்க வந்தவரின் கையில் கொடுத்தார். விலையில் கொஞ்சம் குறைந்தது. வாங்கியவர் இன்றும் அந்தத் தாளை வாகனத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்.